நித்யஸ்ரீயின் வேலைநிறுத்தம்

பெரியநாயக்கன்பாளையத்தில் தனபாலைத் தெரியாதவர் இருக்கலாம்; அவர் மகள் நித்யஸ்ரீ வள்ளிக் கும்மி பாடும் வீடியோவைப் பார்க்காதவர் கிடையாது. தன் லேத் பட்டறைக்கு வருகிறவர் இரும்பை இறக்கிவைக்கும் முன்பே தனபால் போனை நீட்டிவிடுவார்.

அந்த மனுசன்தான், பிளஸ் டூ முடித்த மகள் இசைக் கல்லூரியில் சேர்கிறேன் என்றதும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பாடறதெல்லாம் ஒரு வேலையா? சரவணம்பட்டியில இன்ஜினியரிங் சீட்டுக்குச் சொல்லியாச்சு. விசேசத்துக்குக் கும்மி பாடிக்கோ. ஆரு வேண்டாம்னா?"

"பாடினாப் பெருமை, படிச்சாக் கேவலமுங்களாப்பா?"

"எதுத்துப் பேசாத அம்மணி."

கோபத்தை விழுங்கினால் நித்யஸ்ரீக்குக் காது மடல் சிவக்கும். கோயில் மைதானத்தில் கும்மி அரங்கேற்றம் நடக்கும் வரை சிவந்தே இருந்தது.

வாத்தியார் வராத நாளெல்லாம் அத்தனை பேருக்கும் அடவு சொல்லிக்கொடுத்தவள் அவள். பொன்னாடை மட்டும் அப்பாவுக்குப் போர்த்தினார்கள். போர்த்தியது விழாக் கமிட்டி மருதாசலம். தனபால் மைக்கை வாங்கினார்.

"எம் புள்ளை இன்ஜினியருக்குப் படிக்கப் போகுதுங்க. இது சும்மா பொழுதுபோக்குங்க."

கும்மி தொடங்கியது. ஒரே நிறச் சேலை கட்டிய பெண்களும் வேட்டி கட்டிய ஆண்களும் சலங்கைக் காலோடு வட்டமாகச் சுற்றினார்கள். பாதிப் பாட்டில் நித்யஸ்ரீ நிறுத்திவிட்டாள். தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் வட்டமே ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டது.

"பொழுதுபோக்குதானுங்க? எனக்குப் போதுமுங்க. நிறுத்திக்கறேன்" என்றாள் மைக்கில்.

மருதாசலம் ஓடிவந்தார். "கண்ணு, மானம் போயிரும் சாமி. பாடு!"

"இது வேலையா இல்லீங்களான்னு எங்கப்பாவைக் கேளுங்க மாமா."

"சொல்லுங்க தனபாலு!" என்றார் மருதாசலம். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். தனபால் எழுந்தார். பொன்னாடை நழுவியதுகூடத் தெரியவில்லை.

"சரீங்க, பாட்டே படிக்கட்டும். சம்பாரிக்கலீன்னாப் போகுது, எம் புள்ளைக்கு நான் சோறு போட்டுக்கறேன்."

ஊரே கைதட்டியது. கண்ணைத் துடைத்தவர்களும் உண்டு. நித்யஸ்ரீக்கு மட்டும் கோபம் உச்சிக்கு ஏறியது.

"நான் சோறா கேட்டேன்? படிப்புக் கேட்டேனுங்கப்பா! எஞ் சோத்தை நானே பாடிச் சம்பாரிச்சுக்குவேன். அந்த இன்ஜினியரிங் சீட்டை நாளைக்கே வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

தனபால் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் விட்ட அடியைப் பிடித்து, முன்னைவிட வேகமாகப் பாட ஆரம்பித்துவிட்டாள். அத்தனை சலங்கைச் சத்தத்தில் அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.