அவர் கண்ட பிள்ளைகள்

என் கணவர் எங்கள் முன்கூடத்தில் பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அஸர் தொழுதுவிட்டு அவருக்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தேன்.

"அதுகளுக்கும் குடு புள்ள, கனநேரமா இருக்குதுகள்" என்றார்.

சோபா வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஒருவரும் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் மனைவி மரியாதை கெட்டு நடந்துவிட்டாள் என்பதுபோல வெட்கத்தோடு என்னைப் பார்த்தார்.

பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த பஸ்ஸையும் நேரத்துக்கு முன்னால் வெளிக்கிட விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வெறும் சோபாவோடு பேசிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

கண்டியில் ஒரு டொக்டர்தான் நோயின் பெயரைச் சொன்னார். லூவி பொடி என்கிற மறதி நோய். "அவர் பொய் சொல்லல்ல, மூளை அவருக்கு அப்படிக் காட்டுது. வாதாட வேணாம்" என்றார். வீட்டில் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார். வேறு யாராவது தரும் குளிசையைக் கொடுக்க வேண்டாம், சில மருந்துகள் இவருடைய உடம்பை மரக்கட்டையாக்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

வந்ததும் பூப்போட்ட திரைச்சீலைகளைக் கழற்றினேன், அந்தப் பூக்களில் அவருக்கு முகங்கள் தெரிந்தன. கண்ணாடியைத் துணியால் மூடினேன். "அதுகள் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்ததுகள்" என்று சொல்லப் பழகினேன். சில நாட்களில் அவர் என்னையே பார்த்து, "நீ ஆரு? என்ட பொஞ்சாதி எங்க?" என்று கேட்பார். என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் நின்றுகொண்டு கேட்பார். அப்போது குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவுவேன். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று டொக்டர் சொல்லித் தரவில்லை.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தவர் என் மதினி, அவருடைய மூத்த சகோதரி. முதலில் ஜின் என்றார். ஓதிப் பார்க்க ஆள் கூட்டிவருவதாகச் சொன்னார், நான் விடவில்லை. பிறகொரு நாள் அந்தப் பிள்ளைகளின் உடுப்பு நனைந்திருப்பதாக இவர் அவரிடம் சொல்லிவிட்டார். அது போதுமாயிருந்தது. சுனாமியில் கடல் கொண்டுபோன பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருகின்றன என்று ஊரெல்லாம் கதை பரவியது. நோய் விசாரிக்க வருவதுபோல வாழைப்பழத்தோடு வந்தவர்கள், இவரைவிடச் சோபாவைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

கடைசியில் மதினி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். கடலோரத் தெருவில் இருந்தவள். அந்த அலையில் தன் மகளைப் பறிகொடுத்தவள். அவள் இவருக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, சொந்த அண்ணனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"காக்கா, செவத்தச் சட்டை போட்ட ஒரு புள்ள இருக்காளா?"

இவர் சோபாவைப் பார்த்தார். "ஓம், இருக்கா."

"சுகமா இருக்காளா?"

"ஓம் ஓம். சிரிக்கிறா."

அவள் சோபாவின் கைப்பிடியில் தலையை வைத்து அழுதாள். மதினி "சுப்ஹானல்லாஹ்" என்றார். அவருடைய முகத்தில் இருந்தது துக்கமில்லை, வெற்றி. அதைக் கண்டதும் என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தங்கச்சி, எழும்புங்க" என்றேன். "இது மூளையில வந்த வருத்தம். நேத்து இதே இடத்துல ஆடு நிக்கிது எண்டார். நீங்க பச்சைச் சட்டை எண்டு கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் நம்பினா உங்களுக்கு என்ன நட்டம் ராத்தா?"

"நாளைக்கு அந்தப் புள்ள அழுகுது, தண்ணிக்குள்ள கிடக்குது எண்டு இவர் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

மதினி பக்கம் திரும்பினேன். "இது என்ட ஊடு. இனி ஆக்களக் கூட்டிக்கிட்டு வராதீங்க."

"என்ட தம்பியப் பாக்க நான் வரப்படாதா?"

"தனிய வாங்க. வந்து கொஞ்ச நேரம் அவரோட இருங்க, நான் நித்திரை கொள்றன். அந்த உதவியத்தான் இந்த ஊர்ல ஒருத்தரும் செய்யல்ல."

அவமானப்படுத்திவிட்டேன் என்று அவரும் எழும்பிப் போனார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "ஏன் புள்ள சத்தம் போடுறாய்? அதுகள் பயப்படுதுகள்" என்றார். எனக்காக ஒரு சொல் பேச அந்த வீட்டில் யாரும் இருக்கவில்லை.

அந்தப் பெண் இப்போதும் சந்தையில் என்னைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுகிறாள். போகட்டும். நாளை மறுபடி வந்தாலும் அதையேதான் சொல்வேன். பொய் சொல்லி அவளை ஆற்றுப்படுத்தும் வேலையையும் என் தலையில் கட்ட இவர்கள் யார்?

மதினி பல கிழமைகள் வரவில்லை. பிறகு ஒரு காலையில் தனியே வந்து, "போய்ப் படுங்க" என்றார். நான் அறைக்குள் போய்ப் படுத்தேன். முன்கூடத்தில் அவர் தம்பியோடு வாதாடுவது கேட்டது.

"அங்க ஒண்டும் இல்ல தம்பி. ஒருத்தரும் இல்ல எண்டு சொல்றன்."

இவர் விடவில்லை. அவரும் விடவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு மதினியின் குரல் களைத்துப்போயிருந்தது.

"சரி, அதுகளக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு. எனக்குக் கால் வலிக்குது."

நான் எழும்பிப் போகவில்லை. கோபமும் தீர்ந்துவிடவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்து, நன்றாக நித்திரை கொண்டேன்.