பதினொரு மணி மீட்டிங்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் இவள்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் கம்பெனியில் செயலாளர் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. படுக்கையறை மூலையில் ஒரு மேசை, காதில் ஹெட்போன், முதுகுக்குப் பின்னால் காயும் துணிகள். முதலாளிகள் இருவரும் அலுவலகத்தில் அடுத்தடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் இவள் வழியாகத்தான். அண்ணன் 'அர்ஜென்ட்' என்று ஒன்றை அனுப்புவார். அது பாதி முடிவதற்குள் தம்பியிடமிருந்து 'ரொம்ப அர்ஜென்ட்' வந்து நிற்கும். எதைத்தான் முதலில் பார்ப்பாள்? அவளுக்கு இருப்பது ஒரு தலைதானே!

போன மாதம் அண்ணன் போக வேண்டிய விமானத்துக்குத் தம்பி பெயரில் டிக்கெட் போட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்றார் அண்ணன், அமைதியாக. கத்தியிருந்தால்கூடத் தேவலை. கணவனுக்கு வேலை போய்விட்டது. வீடே இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"தினம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் என்னைக் கூப்பிடாம இருந்தா போதும். ஒரு தப்பும் வராது" என்று கணவனிடம் புலம்பினாள்.

"ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டிடு!"

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். இவள் செய்தேவிட்டாள். அண்ணனின் காலண்டரில் பதினொரு மணிக்குத் தம்பியுடன் மீட்டிங். தம்பியின் காலண்டரில் அதே நேரம் அண்ணனுடன். தினமும். எலியும் பூனையும் எங்கே சந்திக்கப்போகின்றன? அந்த ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள், நம்மைக் கூப்பிட மாட்டார்கள், நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து, மணி பதினொன்றைத் தொட்டதும் போன் அடங்கிவிட்டது. ஒரு வேலையை எடுத்தால் அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். தப்பே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், மற்ற நேரங்களிலும் அர்ஜென்ட்டுகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒருநாள் மத்தியானம் அண்ணனும் தம்பியும் ஒரே லைனில் வந்தார்கள். இவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்தப் பதினொரு மணி மீட்டிங்கை யாரு போட்டது?" என்றார் அண்ணன். "இவன்தான் எறங்கி வந்திருக்கான்னு நானும் தினம் போய் உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். இன்னிக்கு இவன் என்னடான்னா, நீதானே கூப்பிட்டேங்கறான்."

அடக் கடவுளே, இருவரும் நிஜமாகவே சந்தித்துக்கொண்டா இருந்தார்கள்!

"நான்தான் சார் போட்டேன். ஒரு மணி நேரமாவது நிம்மதியா வேலை பாக்கலாம்னு... தப்புதான் சார்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போச்சு, வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

திட்டு வரவில்லை. தம்பியின் குரல்தான் கேட்டது: "அப்போ நீ கூப்பிடலையாண்ணா?"

அண்ணன் தம்பிக்குப் பதில் சொன்னார்.

"கூப்பிடணும்னுதான்டா இருந்தேன். வாய் வரலை." அப்புறம் இவளிடம் சொன்னார்: "அதை எடுத்துடாதம்மா. நான் போட்டதாவே இருக்கட்டும்."

போன உயிர் திரும்பி வந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அழுகையும் சிரிப்புமாகக் கணவனைப் பார்த்து, "வேலை போகலைங்க" என்றாள்.