அது வேற ஆங்

‘கூட்டு மனநலப் பராமரிப்பு – இரண்டு நாள் பயிற்சி’ என்று அச்சடித்த அழைப்பிதழ் என் மருந்துக்கடைக்கு வந்தபோது, ஏதோ கூட்டுறவுச் சங்கக் கூட்டம் என்று நினைத்து பில் கட்டுக்கு அடியில் செருகிவிட்டேன். கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவிதான் அதை உருவி எடுத்துப் படித்தாள்.

“மனநலம்னு போட்டுகீது. உங்கள எதுக்குக் கூப்பிடறாங்க? கத்துக்கவா, காட்டவா?”

நியாயமான சந்தேகம்தான். எனக்கும் அது இருந்தது.

அழைத்தது எங்கள் ஊர் அறக்கட்டளை மருத்துவமனை. விஷயம் இதுதான்: மனச்சோர்வு வந்தவர்கள் நேரே மனநல மருத்துவரிடம் போவதில்லை. தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று பக்கத்து டாக்டரிடம் போகிறார்கள். அதற்கும் முன்னால் மருந்துக்கடைக்கு வருகிறார்கள். ஆகவே டாக்டர், செவிலியர், மருந்துக்கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆளைக் கவனிக்க வேண்டும். மனநல மருத்துவர் போனில் யோசனை சொல்வார். எங்கள் பக்கம் பெண் பார்க்கத்தான் இப்படிக் கும்பலாகப் போவோம். நோயாளியை இப்படிப் பார்த்து வழக்கமில்லை.

பயிற்சி நடந்த இடம் மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின முகூர்த்தத்தின் வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டையும் யாரும் எடுக்கவில்லை. கைப்பிடியில் தங்கக் கலர் சிங்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இந்தச் சிங்கங்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் மனச்சோர்வைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஏற்பாடு.

பயிற்சியாளர் நாகர்கோவில் பக்கத்து மனநல மருத்துவர். சின்ன வயதுப் பெண். எல்லோரையும் அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிட்டார். முதல் பாடம் கேட்பது. எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாமல், புத்தி சொல்லாமல், இரண்டே நிமிடம் கேட்க வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் எங்கள் தெரு டாக்டர். அவர் எழுதும் சீட்டுகள் என் கடைக்குத்தான் வரும் என்பதால் அவருடைய ஜோக்குகளுக்கெல்லாம் நான் சிரித்துவிடுவது வழக்கம். என் வாழ்க்கையின் ஏதோ ஒரு துயரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டர் கண்ணை மூடித் தலையாட்டினார். பரவாயில்லையே, மனுஷன் கேட்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். நான் முடிப்பதற்குள் அவர் கை தானாகப் பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளியது. வாயுத் தொல்லைக்கு மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்.

“சார், இன்னும் நான் பேசிகினு இருக்கேன்.”

“பேசு, பேசு. யாரு வாணாம்னாங்க? பேசறதுக்கும் கேஸ் டிரபுளுக்கும் சம்பந்தம் இல்லையே.”

பிறகு மறுநாள் தேர்வுக்கும் அதன் ஒத்திகைக்கும் நோயாளியாக நடிக்க ஆள் தேவைப்பட்டது. ஏற்பாடு செய்திருந்த நாடகக்காரர் வேறெங்கோ கூத்துக்குப் போய்விட்டாராம். பயிற்சியாளர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, நீங்க வாங்களேன். உங்க முகத்துல இயற்கையாவே ஒரு சோகம் இருக்கு.”

அரங்கம் கைதட்டியது. டாக்டர் விசில் அடித்தார்.

என்னிடம் ஒரு தாள் தந்தார்கள். நான் பவர்லூம் நெசவாளி. வயது நாற்பத்தைந்து. சில மாதங்களாகத் தறிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை, பசியில்லை, யாரிடமும் பேசுவதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை. கடைசி வரியை அடிக்கோடிட்டிருந்தார்கள்.

என்னைப் பரிசோதிக்க வேண்டியவர் அந்த மருத்துவமனையின் செவிலியர். நெசவாளர் வீட்டுப் பெண். அவளுடைய நைனா மூட்டுவலித் தைலத்துக்கு என் கடைக்குத்தான் வருவார். ஒத்திகைக்கு முன்னால் அவள் என்னைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும். இதுல பாஸ் ஆனா இங்கயே ஒருங்கிணைப்பாளர் போஸ்ட்டு குடுப்பாங்க. இல்லன்னா சென்னைல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்க. என் பொண்ணுக்கு மூணு வயசு. நான் பக்கத்துல படுக்கலன்னா தூங்காது. என் பொழப்பு உங்க கையிலகீது. தயவுபண்ணி ஓவரா நடிக்காதீங்க.”

“நான் எப்பம்மா ஓவரா நடிச்சேன்?”

“மருந்து கம்பெனிக்காரன் பாக்கி கேட்டா நெஞ்சப் புடிச்சிக்குவீங்களே, அந்த மாதிரி வாணாம்.”

நான் பேச்சை மாற்றினேன். ஒத்திகையில் நெஞ்சைப் பிடிக்கவில்லை. ஆனால் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், குரலை உடைத்தேன், ஓரிடத்தில் சிங்கத்தின் தலைமீது சாய்ந்து விம்மினேன். “யோவ், டெப்ரஷன்யா, தெருக்கூத்து இல்ல” என்று டாக்டர் கீழேயிருந்து கத்தினார். பயிற்சியாளர் என்னைத் தனியே அழைத்து, மனச்சோர்வு உள்ளவர்கள் பெரும்பாலும் இவ்வளவு உழைப்பதில்லை என்று மென்மையாகச் சொன்னார்.

மறுநாள் தேர்வு. தொடங்குமுன் ஒரு விதியை அழுத்திச் சொன்னார்கள். கேள்விகளில் மற்றதில் தடுமாறினால் மன்னிப்பு உண்டு. சாகும் எண்ணம் உண்டா என்ற கேள்வியில் மட்டும் கிடையாது. அதைக் கேட்காமல் விட்டாலோ, பதிலைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்ததற்குப் போனாலோ அந்த நிமிடமே தோல்வி. அவளைப் பார்த்தேன். புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் ராஜா நாற்காலிகளில் உட்கார்ந்தோம். “ரிசப்ஷன் களை கட்டிச்சிடா” என்றார் டாக்டர். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்ததும் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நல்ல பிள்ளையானார்.

அவள் நன்றாகவே தொடங்கினாள். பேரைக் கேட்டாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், இங்கே பேசுவது வெளியே போகாது என்று சொன்னாள். சுற்றி அறுபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் அதை நம்ப வேண்டிய பொறுப்பு என்னுடையது. நம்பினேன். “முன்னாடி தறிக்கு எப்படிப் போவீங்க, இப்ப எப்படி?” என்று அவள் விசாரிக்க விசாரிக்க, இந்த முறை துண்டைத் தொடாமல் உம்மென்று உட்கார்ந்து பதில் சொன்னேன். சோகம் தானாக வந்தது. அந்த நாற்காலியின் ஸ்பிரிங் ஒன்று குத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தெருவில் பம்பை சத்தம் கிளம்பியது. யாரோ காவடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். பத்தடி தூரத்தில், திறந்த ஜன்னலுக்கு நேர் கீழே. எங்கள் ஊரில் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பேச்சை இன்னும் கொஞ்சம் உரக்கப் பேசுவோம், அவ்வளவுதான். ஆனால் அவள் அந்தக் கேள்விக்கு வந்திருந்தாள். அதை உரக்கக் கேட்க யாருக்கு வாய் வரும்? அதுவும் அண்ணா என்று கூப்பிடும் ஆளிடம்? முன்னால் குனிந்து, சன்னமாக, ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

“ஆங்?” என்றேன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆமாம் என்பதற்கு ஆங் என்போம். நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பதற்கும் ஆங்தான். நீ சொன்னது காதில் விழவில்லை என்பதற்கும் அதே ஆங். இழுப்பிலும் ஏற்றத்திலும்தான் வித்தியாசம். இங்கே பிறந்த குழந்தைக்கு அது புரியும். நாகர்கோவிலில் பிறந்து டாக்டருக்குப் படித்தவருக்குப் புரிய நியாயமில்லை.

பயிற்சியாளரின் பேனா சட்டென்று ஓடி, கீழே ஒரு கோடும் போட்டது. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தாளில் ‘இல்லை’ என்று இருப்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும், ஒத்திகையில் சொல்லியிருக்கிறேனே. இல்லை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்பதற்கே அவள் அவ்வளவு தூரம் குனிய வேண்டியிருந்தது. இரண்டாம் முறையும் கேட்பதென்றால்?

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மூச்சை இழுத்தாள். பம்பையை வெல்ல வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட முகம்.

அவள் வாயைத் திறந்த அதே நொடியில் பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

“செத்துப்போயிடலாம்னு எப்பனா தோணுதாண்ணா?”

மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது. ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் போனது. கீழே பூ விற்கும் பெண் அண்ணாந்து பார்த்து, “யாருக்குக்கா? இன்னாச்சுக்கா?” என்று கேட்டாள். காவடிக்காரர்கூட நின்றுவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

அவள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் சிவந்துபோயிருந்தது, கண் மட்டும் என்மேலேயே இருந்தது. பதில் வரும்வரை நகரமாட்டாள் என்று தெரிந்தது. என்னை யாரும் அப்படிக் காத்திருந்து பார்த்து நாளாகிவிட்டது. நெசவாளி, தறி, தாள், எல்லாம் தலையிலிருந்து கழன்று போயின.

“இல்லம்மா” என்றேன். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்தியமா. தூக்கம்தான் வரமாட்டேங்குது.”

“எப்பலேர்ந்து?”

“பையன் வேலைக்கு வெளிநாடு போனதுலேர்ந்து. படுத்துகினு ஃபேனப் பாத்துகினு இருப்பேன். காலைல கட தொறந்தா எல்லாத்துமேலயும் எரிச்சலா வருது.”

“கடையா?” என்றார் டாக்டர் கீழேயிருந்து. “யோவ், நீ நெசவாளிய்யா!”

அவள் கையைத் தூக்கி அவரை அடக்கினாள். “நீங்க சொல்லுங்கண்ணா” என்றாள். சொன்னேன். எவ்வளவு நேரம் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் சீட்டு எழுதவில்லை.

முடிந்ததும் பயிற்சியாளர் தன் தாளைப் பார்த்தார். “ஒரு சந்தேகம். முதல்ல கேட்டப்போ இவர் ஆங்னு சொன்னாரு. ஆங்னா என்ன?”

“ஆமாங்க” என்றார் டாக்டர்.

“அப்போ ஆமான்னுதானே சொல்லியிருக்காரு?”

“இல்லீங்க. அது வேற ஆங்.”

“எத்தனை ஆங் இருக்கு உங்க ஊர்ல?”

டாக்டர் எழுந்து நின்று ஒவ்வொரு ஆங்கையும் செய்து காட்டினார். பின்வரிசைக்காரர் ஒருவர், அவர் செய்தது கனகம்மாசத்திரம் ஆங், நம்ம திருத்தணி ஆங் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்று ஆட்சேபித்தார். சண்டை வந்துவிடும் போலிருந்தது. மொத்த மண்டபமும் ஆங் ஆங் என்று காட்டிக்கொண்டிருக்க, பயிற்சியாளர் செவிலியரிடம் கேட்டார்.

“உங்களுக்கு இது எந்த ஆங்னு தெரிஞ்சதா?”

“தெரிஞ்சுதுங்க மேடம். காதுல வுழலன்ற ஆங்.”

“தெரிஞ்சுமா திரும்பக் கேட்டீங்க?”

“காதுல வுழலன்னா பதிலே வரலன்னுதானே மேடம் அர்த்தம்?”

பயிற்சியாளர் தன் தாளில் போட்டிருந்த கோட்டை அடித்தார். நோயாளி கதையிலிருந்து விலகிவிட்டதால் மதிப்பெண் செல்லாது என்று அமைப்பாளர் ஒருவர் முணுமுணுத்தார். “நோயாளி நடிக்கிறதை நிறுத்திட்டு நிசத்தைப் பேசுற வரைக்கும் ஒருத்தி கேட்டிருக்கா. இதுக்கு மேல நான் எதைச் சோதிக்கணும்?” என்றார் பயிற்சியாளர். நோயாளியின் நடிப்புக்கு மதிப்பெண் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவளுக்கு வேலை இங்கேயே அமைந்தது. சந்தோஷப்பட்டு, கடைக்கு வந்தால் பிஸ்கட் தர வேண்டும் என்று அவள் பெண்ணுக்காக ஒரு பாக்கெட்டை எடுத்துவைத்திருந்தேன். அவள் வந்தாள். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, கடையில் நான்கு பேர் நிற்கும்போதே, “அண்ணா, வியாழக்கிழம உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுகீறேன். மேடம் போன்ல பேசுவாங்க” என்றாள்.

“அது நடிப்பும்மா.”

“எது? சிங்கத்துமேல சாஞ்சு அழுதீங்களே, அதுதான் நடிப்பு. நான் அதுக்குப் போடல.”

வாடிக்கையாளர்கள் அவள் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். போனேன். எங்கள் தெரு டாக்டர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நடுவில் போனில் நாகர்கோவில் குரல். மூவரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து பேச வைத்தார்கள். டாக்டர் வாயைத் திறக்கவே இல்லை. கையை மட்டும் பையில் வைத்துக்கொண்டிருந்தார், கட்டுப்பாடு தெரிந்தது. சாயங்காலத்துக்கு மேல் காபி கூடாது. தூக்கம் வராவிட்டால் படுக்கையில் கிடக்காமல் எழுந்துவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் பையனிடம் விலைவாசி தவிர வேறு ஏதாவது பேச வேண்டும். அடுத்த வியாழன் மறுபடி வர வேண்டும். அவ்வளவுதான்.

“மாத்திரை?” என்று கேட்டேன்.

“இப்போ தேவையில்ல அண்ணாச்சி” என்றது போன்.

ஒரு மருந்துக்கடைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்க முடியும்? ராத்திரி வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, அடுப்பிலிருந்த காபிப் பாத்திரத்தை இறக்கி, முழுவதையும் தன் டம்ளரிலேயே ஊற்றிக்கொண்டாள்.