தகட்டில் மூன்று குழிகள்

யாரையும் எளிதில் நம்பும் வழக்கம் எனக்குக் கிடையாது. தேங்காய் வாங்கினாலும் தட்டிப் பார்ப்பேன். கடைக்காரரே தட்டிக் காட்டினால் இன்னும் சந்தேகப்படுவேன். அப்படிப்பட்டவன் எங்கள் மும்பை செம்பூர் ஃபிளாட்டில் டெஸ்லா காயில் செய்ய ஆசைப்பட்டேன். வீட்டுக்குள்ளேயே முழ நீளத்துக்கு மின்னல் அடிக்கவைக்கும் பொழுதுபோக்கு. அதற்கு ஒரு வட்டத் தகடு வேண்டும், விளிம்பில் எட்டு டங்ஸ்டன் கம்பிகளோடு. மிக்சி மோட்டாரில் தகடு சுற்ற, அசையாமல் நிற்கும் இன்னொரு கம்பியை அவை ஒவ்வொன்றாகக் கடக்கும்போது பொறி பாயும். ஒரு கம்பி கழன்றால் துப்பாக்கிக் குண்டுதான்.

படம் நானே வரைந்தேன். கம்பிகளையும் நானே வெட்டினேன். தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் பேக்கலைட் பிளாஸ்டிக் தகட்டைக் கடைந்து கம்பிகளைப் பொருத்திக் கொடுத்தார். "டென்ஷன் எடுக்காதீய சார், பூ மாதிரி சுத்தும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், தகட்டின் ஒரு பக்கத்தில் என் படத்தில் இல்லாத மூன்று சின்னக் குழிகள். எதற்கோ பயன்பட்ட பழைய தகட்டை என் தலையில் கட்டிவிட்டார்! போன் செய்து கேட்டிருக்கலாம். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று கேட்கவில்லை. எபாக்ஸி பசையை ஊற்றி மூன்றையும் அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழவென்று ஆக்கினேன்.

ஞாயிறு காலை மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். சமையலறை வாசலில் நின்று மனைவி சுவிட்சைப் போட்டாள். மேஜை கிடுகிடுவென்று ஆடியது. "நிறுத்து" என்று நான் கத்துவதற்குள் ஒரு கம்பி பறந்து, அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி, நிலைக்கட்டையில் குத்தி நின்றது.

அவள் அழவில்லை. நான்தான் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் என் பயம் கோபமாக மாறியிருந்தது. தகட்டை எடுத்துக்கொண்டு, சாட்சிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

லேத்காரர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தகட்டை வாங்கி விரலால் தடவினார்.

"இத அடச்சது யாரு?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"நீங்க வெட்டுன கம்பி ஒண்ணுபோல எடை இல்ல சார். ஒரு பக்கமா இழுத்துச்சு. அந்தப் பக்கத்து எடையக் கொறைக்கத்தான் குழி போட்டேன். சரியா வர்ற வரைக்கும் சுத்திச் சுத்திப் பாத்தேன்."

அப்போதும், இவர் சொல்வது நிஜமா என்றுதான் முதலில் தோன்றியது. அதன் பிறகே அந்த நிலைக்கட்டையும் அவள் காதும் நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

மனைவி என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். அவரிடம்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, இனிமே எந்தச் சாமான் செஞ்சாலும் எங்கையில குடுங்க. என்ன ஏதுன்னு எங்கிட்டயே சொல்லுங்க. இவருகிட்ட குடுக்காதீய."

"சரி தங்கச்சி" என்றார் அவர், என் பக்கம் திரும்பாமலே.