கல்மேடையில் முட்டி நின்ற தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு நடக்கிறது. பெற்றது நாலு, செத்துப்போன தங்கச்சியோடது ரெண்டு, ஆக வளர்த்தது ஆறு. அந்த ஆறு பேர் துணியையும் மயிலாப்பூர்ச் சந்தில் இருக்கிற எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரே கல்லில்தான் துவைத்தேன். அந்தக் கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும்.

முட்டி வலி வந்து குனிய முடியாமல் போனபோது, கல்லுக்கு மேடை கட்டு என்று பெரிய மகனிடம் சொன்னேன். கொல்லை மூலையை அடைத்து, இடுப்பு உயரத்துக்கு, நானே கூட நின்று கட்டவைத்தேன். அதே வருஷம் பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டு சுவர் எழுப்பினாள். அந்த மழையிலிருந்து கொல்லையில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது.

நான் சுவரைத்தான் சொன்னேன். "உன் சுவரு வந்துதான் என் கொல்லை குட்டையாச்சு."

"என் சுவரு இன்னா, மழையா பெய்யுது? போம்மா," என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. தினமும் எங்கள் முருங்கையில் ஒரு கை கீரை பறித்துக்கொண்டு போகிறவள், எட்டு வருஷமாக அவள் பக்கம் நீட்டின கிளையைக்கூடத் தொடவில்லை.

போன மழையில் நாலு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை. முருங்கை இலை மஞ்சளாகி உதிர்ந்தது. வேர் அழுகப்போகிறது என்று தெரிந்தது. "மரத்தை வெட்டிட்டு எல்லாத்தையும் சிமெண்டு போட்டு மூடிடலாம்மா," என்றான் மகன். எனக்கு மனசு வரவில்லை.

மழை விட்ட காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள் வானம் கிடந்தது. மேகம் என் காலடியில் போய்க்கொண்டிருந்தது. கோலம் போட வழியில்லாமல் மாவு டப்பா மடியிலேயே இருந்தது. சும்மா ஒரு கை தூவினேன். முழுகவில்லை. பாலாடை மாதிரி படர்ந்து, மெல்ல நகர்ந்தது. படியோடு நானும் நகர்கிற மாதிரி இருந்தது. முருங்கையைச் சுற்றி, உதிர்ந்த இலைகளைச் சேர்த்துக்கொண்டு போனது. சுவர்ப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக மூலைக்குப் போய் என் கல்மேடையில் முட்டி நின்றது. மேடைக்கு அந்தப் பக்கம்தான் பின்சந்துக் கால்வாய்.

இன்னொரு கை தூவினேன். அதுவும் அங்கேயே போனது. டப்பா காலியாகிற வரை தூவினேன்.

சிமெண்டு போட மகன் கூட்டிவந்த மேஸ்திரியிடம், "மேடையை இடிங்க," என்றேன்.

"அம்மா, நீ ஆசையா கட்டினதாச்சே!" என்றான் மகன்.

"கட்டினவதானே சொல்றேன்."

மேஸ்திரி இடித்தார். முருங்கையிலிருந்து கால்வாய் வரை சரிவாகப் பள்ளம் வெட்டி, தண்ணீர் இடுக்கில் வடிந்து போகிற மாதிரி அந்தச் செங்கல்லையே உடைத்து நிரப்பினார். சாயங்காலம் தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று. மண் கறுப்பாக மேலே வந்தது, மேலெல்லாம் நத்தைகளோடு.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டம்மா தலை தெரிந்தது. "இன்னாம்மா, என் சுவரு அப்படியே கீது. தண்ணி மட்டும் எங்க போச்சு?"

பதில் வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உள்ளே வந்துவிட்டேன். ஆறு பேரை வளர்த்தவள், யாரிடமும் என் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லை.

பதினைந்து நாளாயிற்று. முருங்கை துளிர் விட்டிருக்கிறது, அவள் பக்கத்துக் கிளையில்தான் அதிகம். வாய்க்கு வராததைக் கை சொல்லட்டும் என்று பேத்தி நோட்டில் எழுதிவிட்டேன். தப்பு என் மேடையுடையது. சுவருடையது இல்லை.

கண்ணு, இந்தா, முதலிலிருந்து படி. இங்கே வேண்டாம், சுவர் ஓரமாகப் போய் நின்று படி. சத்தமாக.