காரணம் டீச்சரும் இரண்டு வரியும்

சமம் என்று நிரூபிக்க வேண்டிய இரண்டு கோட்டுத்துண்டுகளில் ஒன்றைக் கணக்கு டீச்சர் கரும்பலகையில் வேண்டுமென்றே அரை விரல் குட்டையாக வரைவார். முன்வரிசை முணுமுணுக்கும். "டீச்சர், இது சின்னதா இருக்கு." அதற்காகவே காத்திருந்தவர்போல் திரும்புவார். "கண்ணு சொல்றதெல்லாம் கணக்குல செல்லாது. சர்வசமம்னா காரணம் சொல்லு."

ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதாவிட்டால் அரை மதிப்பெண் போச்சு. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் காரணம் டீச்சர். கணவர் குடையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால், "எங்க?" என்று கேட்கமாட்டார், "காரணம்?" என்பார்.

வகுப்பறையின் மரப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பின் இன்னொரு பிரிவு. அங்கே கணக்கு நடத்துகிறவள் சொந்த ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வேலைக்குச் சிபாரிசு செய்தவரும் இவரேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார். பதினெட்டு வருடமாக இவர் கையில் இருந்த பத்தாம் வகுப்பை அடுத்த வருடம் யாருக்குக் கொடுப்பது என்று, இரு பிரிவின் விடைத்தாள்களையும் பார்த்துத் தலைமையாசிரியை முடிவு செய்யப்போகிறார்.

போன மாதம் இருசமபக்க முக்கோணம் நடந்தது. அடிப்பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களுக்குச் செங்குத்துக் கோடு போட்டால், அந்தக் கோடுகள் இரண்டும் சமம். இரண்டு முக்கோணங்களைச் சர்வசமமாக்கி, ஏழு வரியில் இவர் நிரூபிப்பது வழக்கம். ஐந்தாவது வரியில் சாக்பீஸ் நின்றது. தடுப்புக்கு அப்பால் ஓரகத்தியின் குரல்.

"முக்கோணம் ஒண்ணுதானே? எந்தப் பக்கத்தை அடியா வச்சாலும் பரப்பு ஒண்ணுதான். அந்த ரெண்டு பக்கமும் சமம். அப்போ உயரமும் சமம். முடிஞ்சுது."

இரண்டே வரி. காரணம் டீச்சர் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதில் ஓட்டை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா, சாப்பிடலையா?"

"பசிக்கல."

"காரணம்?" என்று கேட்டுச் சிரித்தாள் ஓரகத்தி. இவர் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இது தனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை அவரைக் குடைந்தது.

நேற்று பரீட்சைத்தாள் திருத்தினார். அதே கணக்கு வந்திருந்தது. எல்லாத் தாளிலும் ஏழு வரி. வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் தாளில் மட்டும் இரண்டு. கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் இப்படியா நடத்தினேன்?"

"இல்ல டீச்சர். பக்கத்து கிளாஸ்ல சொன்னது காதுல விழுந்துச்சு."

"நம்ம வழியில என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல டீச்சர். இது புரிஞ்சுது."

அவள் போன பிறகும் சிவப்புப் பேனா தாளின் மேல் நின்றுகொண்டிருந்தது. அரை மதிப்பெண் குறைக்கக்கூட அந்தப் பெண் இடம் வைக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து போட்டார். விடைத்தாள் கட்டை வாங்கிப்போகப் பியூன் வாசலில் வந்து நின்றார். அதிக மதிப்பெண் வாங்கிய தாள் மேலே இருப்பது வழக்கம். தலைமையாசிரியையும் மேலே உள்ள நாலைந்தைத்தான் புரட்டுவார். பக்கத்துப் பிரிவுத் தாள்களிலும் இதே இரண்டு வரிதான் இருக்கும். டீச்சர் அந்தத் தாளை எடுத்து, கட்டின் அடியில் கொண்டுபோய்ச் செருகி, நூலை இரண்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினார்.