சேர்பிட்டன் புகழ் பரப்பிய பெரிய கிளாக்கர்

சேர்பிட்டன் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வுபெற்ற திரு. ஜோர்ஜ் இங்கிலாந்தைக் கண்டதில்லை. எனினும் அந்நாட்டின் மானம் தம் பொறுப்பில் இருக்கிறது என்பது அவருடைய துணிபு.

பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில், பேருந்து மூச்சு வாங்கும் ஒரு வளைவுக்கு மேலே இருக்கிறது அந்தத் தோட்டம். அதனைத் திறந்த வெள்ளைக்காரத் துரை, லண்டனை அடுத்த தம் சொந்த ஊரின் பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். தொழிலாளர்களோ மலைமுகட்டில் சாய்ந்து நிற்கும் பாறையைப் பார்த்துக் 'கோணக்கல்' என்று அழைத்தார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்கள் பலவற்றுக்கும் இப்படி இரு பெயர்கள் உண்டு: ஒன்று கந்தோர் ஏடுகளுக்கு, மற்றொன்று வாய்க்கு.

ஜோர்ஜ் கந்தோர்ப் பெயரின் காவலர். கோணக்கல்லுக்கு வழி கேட்டவர்களுக்கு அவர் வழி சொன்னதே இல்லை. சேர்பிட்டன் என்பது பிரபுக்கள் மட்டும் வாழும் நகரம் என்று ஒரு வரலாற்றையும் இயற்றி வைத்திருந்தார். மறுக்க ஆள் இல்லாததால் அது ஆண்டுதோறும் வளர்ந்தது. கடைசியாக நான் கேட்டபோது அங்கே ஓர் அரண்மனையும் எழும்பியிருந்தது.

அவருடைய உண்மையான புலமை மொழிபெயர்ப்பில் இருந்தது. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் துரை ஆங்கிலத்தில் பேசுவதைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லி வந்தவர் அவரே. துரை ஏசினால் அந்த ஏச்சு இருமடங்காக வந்து சேரும். துரை பாராட்டினால் அந்தப் பாராட்டு கிளாக்கரோடு நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும் ஆங்கிலம் தெரியாததால், அம்மொழிபெயர்ப்பில் ஒருநாளும் பிழை காணப்படவில்லை.

சென்ற ஆண்டு லயங்களின் வரிசை அறைகளில் இருந்த சில குடும்பங்களுக்குத் தனிவீடுகள் கட்டப்பட்டன. குவாட்டர்ஸை விட்டு வெளியேறிய ஜோர்ஜுக்கும் ஒன்று கிடைத்தது. புதிய குடியிருப்புக்குப் பெயர் வைப்பதற்கும் தலைவரைத் தெரிவு செய்வதற்கும் கூட்டம் கூடியது. ஜோர்ஜ் முன்மொழிந்த பெயர் 'சேர்பிட்டன் கார்டன்ஸ்'. முன்மொழிந்த தலைவர், ஜோர்ஜ். கொழுந்து பறிக்கும் மீனம்மா 'கோணக்கல்' என்ற பெயரைச் சொன்னார். தலைவராகாவிட்டால் ஜோர்ஜும் அந்த வரிசையில் ஒரு வீட்டுக்காரர், அவ்வளவுதான். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

"போற எடத்துல வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க," என்று மனைவி டோரீன் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். அவரோ வாயோடு ஒரு சாட்சியையும் கூட்டிவந்தார். பழைய துரை பங்களா இப்போது உல்லாச விடுதி. அங்கே தங்கியிருந்த ஓர் ஆங்கிலேயரை, கூட்டம் நடந்த கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கே அழைத்துவந்து, சேர்பிட்டனின் பெருமையைச் சொல்லுமாறு ஆங்கிலத்தில் வேண்டினார்.

ஆங்கிலேயர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு ஏதேதோ சொன்னார்.

ஜோர்ஜ் தொண்டையைச் செருமினார். "தொர என்னா சொல்றாருன்னா, சேர்பிட்டன் ராஜவம்சம் வாழுற ஊராம். பேரக் கேட்டதுமே அவருக்கு ஆனந்தத்துல சிரிப்பு வந்துருச்சாம்."

"ஐயா, அவரு அப்புடிச் சொல்லலீங்களே," என்றாள் மீனம்மாவின் மகள் வினோதா. தேயிலைத் தொழிற்சாலையை வெளிநாட்டவருக்கு ஆங்கிலத்தில் விளக்கிக் காட்டுவது அவளுடைய வேலை.

"பெரியவங்க பேசுறப்ப நடுவுல பேசாத புள்ள."

"அவரோட அத்தை அங்கதான் இருக்காங்களாம். ராஜாவும் இல்லையாம், ராணியும் இல்லையாம். லண்டன்ல வேலை செய்யிற கிளாக்கருங்க குடியிருக்கிற ஊராம். காலையில ரயில்ல போயி அந்திக்குத் திரும்புவாங்களாம். ஆளுக்கொரு வூடு, முன்னுக்குச் சின்னதா பூந்தோட்டம். ஞாயித்துக்கெழம புல்லு வெட்டுறதுதான் பெரிய விசேஷமாம். யாராச்சும் ரொம்ப ஒழுங்கா, சப்புன்னு வாழ்ந்தா இந்த ஊரு பேரச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவாங்களாம்."

அவள் சொன்னது சரியே. ஆங்கிலேயர் அப்பெயரை ஓர் ஊருக்கு மட்டும் வழங்குவதில்லை; பெருநகரத்தின் ஓரத்தில், வேலிக்குள், வம்பின்றி வாழும் நடுத்தர வாழ்வுக்கும் வழங்குகிறார்கள். வழங்கும்போது உதடு சற்றே கோணும்.

மடுவத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீனம்மா எழுந்தார்.

"ஏன் புள்ள, அது அவங்களுக்குச் சொந்த வூடா?"

"ஆமாம்மா. அப்புடித்தான் சொல்றாரு."

"தண்ணி வூட்டுக்குள்ளயே வருதாமா? கேளு."

வினோதா கேட்டாள். ஆங்கிலேயர் சிரிப்பை நிறுத்தி, மீனம்மாவைப் பார்த்து, ஆம் என்று தலையசைத்தார்.

"பின்ன என்னாத்துக்குக் கிண்டல் பண்றாங்க? நமக்கு அந்தப் பேரே இருக்கட்டும். கோணக்கல்லு எங்கயும் ஓடிறாது."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. தாம் முன்மொழிந்த பெயர் வெற்றி பெறுவதைக் கண்ட ஜோர்ஜ் பதறிப்போய் எழுந்தார்.

"வேணாம்! அந்தப் பேரு வேணாம்! கண்ட கண்ட கிளாக்கருங்க குடியிருக்கிற ஊரு அது!"

"அப்ப நீங்க யாருங்கய்யா?" என்று கேட்டார் மீனம்மா.

அதற்குப் பிறகுதான் மடுவம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன்பே யாரோ மீனம்மாவின் பெயரைத் தலைவர் பதவிக்குச் சொல்ல, மறுபடியும் கைகள் உயர்ந்தன; பெரிய கைதட்டல் எழுந்தது.

இவ்வளவு ஆரவாரம் எதற்கு என்று ஆங்கிலேயர் ஜோர்ஜிடம் கேட்டார். தம்மை ஏகமனதாகத் தலைவராகத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று ஜோர்ஜ் பிழையற்ற ஆங்கிலத்தில் விளக்கினார். ஆங்கிலேயர் மகிழ்ந்து அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார்.